ஊட்டியைவிடத் தாழ்ந்த மலையில் ஸ்கீ

ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் மிக உயர்ந்த சிகரம் கோசியஸ்கோ. உயரம் 2,228 மீட்டர். ஊட்டி நகரத்தின் உயரம் என்று நாம் பள்ளியில் படித்தது 2,240 மீட்டர். ஒரு கண்டத்தின் உச்சியும் நம் கோடைவாசத்தலமும் ஏறக்குறைய ஒரே மட்டம். தொட்டபெட்டா அதற்கும் 400 மீட்டர் மேலே நிற்கிறது. விக்டோரியா மாநிலத்தின் பெயர்பெற்ற ஸ்கீ மலையான ஹோதமின் உச்சி 1,861 மீட்டர், நுவரெலியா 1,868. தேயிலையும் கேரட்டும் விளையும் உயரத்தில் அங்கே ஜூலை மாதம் ஆயிரக்கணக்கானவர்கள் காலில் பலகை கட்டிக்கொண்டு சறுக்குகிறார்கள்.

இதற்குக் காரணம் அட்சரேகை. ஊட்டி பூமத்திய ரேகையிலிருந்து 11 பாகை தள்ளி இருக்கிறது. கோசியஸ்கோ 36 பாகைக்கும் சற்று மேல். ஆனால் அதே 36, 37 பாகையை வடக்கில் தேடிப் பார்த்தால் ஜப்பானின் நாகானோவும் ஸ்பெயினின் கிரனடாவும் வரும். நாகானோவுக்குக் குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து காற்று வருகிறது. கிரனடாவுக்கு மேலே நிற்கும் சியெர்ரா நெவாடா 3,400 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. ஆஸ்திரேலியாவுக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. தெற்கே டாஸ்மேனியா தீவைத் தாண்டினால் அண்டார்டிகா வரை கடல்தான். அங்கிருந்து கிளம்பும் குளிர்காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தண்ணீர்மேல் வந்து, சூடு ஏறி, ஈரம் குடித்து, மலையைத் தொடும்போது பூஜ்யத்தைச் சுற்றித் தடுமாறுகிறது. ஓரிரு டிகிரி இந்தப் பக்கம் என்றால் பனி. அந்தப் பக்கம் என்றால் மழை. ஏற்கெனவே விழுந்து கிடக்கும் பனியின்மேல் மழை பெய்தால் ஒரு வாரச் சேமிப்பு ஒரே இரவில் ஓடையாகிவிடும்.

இந்த மலைகளின் ஸ்கீ தொழிலில் வெளியாளுக்கு விசித்திரமாகத் தெரியும் அத்தனையையும், அதாவது டிக்கெட் விலையை, பனி செய்யும் எந்திரங்களை, அமெரிக்க நிறுவனத்தின் வருகையை, கம்பியில் தொங்கியபடி ஆட்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டில் வெயில்காலத்தில் ஏறும் சைக்கிள்களை, இந்த உயரக் குறைவிலிருந்தே விளக்கிவிடலாம். இன்னும் ஐந்நூறு மீட்டர் உயரம் இருந்திருந்தால் கதை வேறு.

போகிற போக்கில் ஒரு சொல் சங்கதி. முன்பனி, பின்பனி என்று ஆண்டில் நான்கு மாதத்தைப் பனிக்கே எழுதிவைத்த மொழி நம்முடையது. ஆனால் அந்தப் பனி புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. ஊட்டிக்காரர்கள் டிசம்பரில் புல்வெளியில் பார்ப்பது உறைபனி. வானத்திலிருந்து பஞ்சுபோல இறங்கும் பொருளுக்கு நமக்கு ஒற்றைச்சொல் வாய்க்கவில்லை. வெண்பனி என்று ஒட்டுப்போட்டுச் சமாளிக்கிறோம். இந்தக் கட்டுரையில் பனி என்றால் அந்த வெண்பனிதான்.

சீசன் நம் காலண்டருக்குத் தலைகீழ். ஜூன் மாதம் இரண்டாவது திங்கள், மன்னரின் பிறந்தநாள் விடுமுறை. அந்த நீண்ட வாரயிறுதியில் லிஃப்ட் ஓட ஆரம்பிக்கும். அக்டோபர் முதல் வாரத்தில் நிற்கும். கணக்குக்கு 120 நாள். ஆனால் தொடக்க நாளன்று புல் தெரியும் சரிவுகளைப் பார்ப்பது அங்கே வாடிக்கை. பனி ஆடியில் சேர்ந்து ஆவணி முதல் பாதியில்தான் உச்சம் தொடும்.

அந்த உச்சத்தை அளக்க ஓர் இடம் இருக்கிறது. ஸ்பென்சர்ஸ் கிரீக் என்ற ஓடையின் அருகே, 1,830 மீட்டர் உயரத்தில், 1954 முதல் குளிர்காலம் தோறும் ஆள் போய்ப் பனியின் ஆழத்தை அளந்து குறித்துவருகிறார்கள். ஸ்கீக்காரர்களுக்காகத் தொடங்கிய வேலை அல்ல இது. வசந்தத்தில் எவ்வளவு தண்ணீர் அணைக்கு வரும் என்று தெரிந்துகொள்ள நீர்மின் திட்டத்தார் வைத்த கணக்கு. அந்தப் பதிவேட்டின் இரு முனைகள்: 1981இல் 361 சென்டிமீட்டர், 2006இல் உச்சத்திலேயே 85 சென்டிமீட்டர்தான். ஓர் ஆண்டு மூன்றரை மீட்டர், இன்னோர் ஆண்டு இடுப்பளவுகூட இல்லை. நடுவில் உள்ள ஆண்டுகளும் அமைதியாக இல்லை. மேலும் கீழுமாகக் குதிக்கின்றன. அந்தக் குதியலுக்குள்ளேயே, பத்தாண்டு பத்தாண்டாகச் சேர்த்துப் பார்த்தால், கோடு இறங்குகிறது.

தண்ணீர்க்காரர்களின் கணக்கை ஸ்கீக்காரர்கள் நம்பியிருப்பது தற்செயல் இல்லை. இந்தத் தொழிலையே தண்ணீர்தான் மலைமேல் ஏற்றிவைத்தது.

அதற்கு முன்பும் சறுக்கல் இருந்தது. 1859 இறுதியில் இந்த மலைகளில் கியாண்ட்ரா என்ற இடத்தில் தங்கம் கண்டுபிடித்தார்கள். அடுத்த சில மாதங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடாரம் போட்டார்கள். குளிர்காலம் வந்ததும் பாதை மூடிக்கொண்டது. கூட்டத்திலிருந்த நார்வே நாட்டுச் சுரங்கக்காரர்கள், வேலிக்கு அறுத்துவைத்த பலகைகளை எடுத்து முனையை வளைத்துக் காலில் கட்டிக்கொண்டார்கள். ஒரே ஒரு நீளக் கழி, அதுவே பிரேக். 1861இலேயே இங்கே சறுக்குவோர் சங்கம் தொடங்கிவிட்டது என்றும், உலகின் மிகப் பழைய ஸ்கீ சங்கங்களில் தங்களுடையதும் ஒன்று என்றும் அந்த ஊரின் வாரிசுகள் சொல்லிக்கொள்கிறார்கள். நார்வேக்காரர்களோடு அந்தச் சண்டையை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். தங்கம் ஓரிரு ஆண்டில் மெலிந்தது, ஊர் காலியானது. மலை மறுபடி கோடைமேய்ச்சல் மாடுகளுக்கும், பணம் படைத்த சில பயணிகளுக்குமாக ஒதுங்கியது. 1909இல் அரசே ஒரு ஹோட்டல் கட்டியது; 1930இல் சார்லட் பாஸில் ஒரு விடுதி. இரண்டும் வெவ்வேறு காலத்தில் தீப்பிடித்து எரிந்தன. மலைவிடுதிகளின் பொதுவான தலையெழுத்து அது: மர வீடு, கணப்பு அடுப்பு, உறைந்துபோன தண்ணீர்க் குழாய்.

1949இல் ஸ்னோயி மலை நீர்மின் திட்டம் தொடங்கியது. கிழக்கே கடலுக்கு ஓடும் ஸ்னோயி ஆற்றின் பனிநீரைச் சுரங்கம் வழியாக மேற்கே திருப்பி, வழியில் மின்சாரம் எடுத்து, முர்ரே, முர்ரம்பிட்ஜி ஆறுகளின் பாசனத்துக்குக் கொடுப்பது நோக்கம். முல்லைப் பெரியாறு அணையால் மேற்கே ஓடும் தண்ணீர் மலையைத் துளைத்துக் கிழக்கே மதுரைப் பக்கம் வருவது நமக்குத் தெரியும். அதே யோசனையின் பல மடங்கு பெரிய வடிவம், திசை மட்டும் மாற்றி. 25 ஆண்டு நடந்த வேலையில் 16 பெரிய அணைகள், 225 கிலோமீட்டர் சுரங்கமும் குழாயும் கால்வாயும். போரில் நொறுங்கிய ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள், மொத்தம் ஒரு லட்சம் பேர் உழைத்தார்கள். 121 பேர் வேலையில் உயிரிழந்தார்கள்.

அந்த ஒரு லட்சத்தில் நார்வேக்காரர்களும் ஆஸ்திரியர்களும் செக் நாட்டவரும் இருந்தார்கள். குழந்தையிலேயே சறுக்கக் கற்றவர்கள். வேலைக்காகப் போட்ட சாலை அவர்களைச் சரிவுகளுக்கு அருகில் கொண்டுவந்து விட்டது. 1948 குளிர்கால ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாகியாவுக்காக ஓடிய டோனி ஸ்போனார் இந்தத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். த்ரெட்போ பள்ளத்தாக்கைப் பார்த்ததும் ஆல்ப்ஸ் பாணியில் இங்கே ஒரு கிராமம் எழுப்பலாம் என்று அவருக்குத் தோன்றியது. வியன்னாவில் பிறந்த சார்ல்ஸ் ஆன்டன் போன்றவர்கள் கூட்டுச் சேர, 1957இல் த்ரெட்போ பிறந்தது. விக்டோரியா பக்கத்தில் ஃபால்ஸ் கிரீக் உருவானதும் இப்படித்தான். அங்கே கீவா நீர்மின் திட்டத்தின் ஊழியர்கள் கட்டிய குடிலிலிருந்து ஊர் வளர்ந்தது.

இரவல் சாலைக்கு ஒரு விலையும் இருந்தது. த்ரெட்போவுக்கு மேலே செல்லும் ஆல்பைன் வே, நீர்மின் திட்டத்தின் கட்டுமான வேலைக்காக ஐம்பதுகளில் அவசரமாக வெட்டிய பாதை. வெட்டிய மண்ணையும் கல்லையும் சரிவின் விளிம்பில் கொட்டி, அதன்மேலேயே சாலை போனது. பாதை தற்காலிகமானது என்ற நினைப்பில் செய்த வேலை. கீழே கிராமம் வளர்ந்தது. மேலே சாலை அப்படியே நின்றது. 1997 ஜூலை 30 நள்ளிரவை ஒட்டி அந்த மண்மேடு இறங்கியது. கரின்யா, பிம்படீன் என்ற இரண்டு விடுதிகள் நொறுங்கின. 18 பேர் இறந்தார்கள். கான்கிரீட் பலகைகளுக்கு இடையே சிக்கிய ஸ்டூவர்ட் டைவர் என்ற ஸ்கீ பயிற்சியாளர் மட்டும் சுமார் 65 மணி நேரத்துக்குப் பிறகு உயிரோடு வெளியே வந்தார். மனைவியை அதே இடிபாட்டில் இழந்திருந்தார். சாலையோரம் போன தண்ணீர்க் குழாயின் கசிவு மண்ணை ஊறவைத்ததுதான் உடனடிக் காரணம் என்றும், அந்தச் சாலையோரம் அப்படி விடப்பட்டிருக்கக் கூடாது என்றும் 2000இல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். பனிச்சரிவு என்று நம் செய்திகளில் அப்போது யாராவது எழுதியிருந்தால் அது பிழை. அங்கே கொன்றது மண்.

இனி காசு விஷயம்.

நியூ சவுத் வேல்ஸின் ஸ்கீ இடங்கள் எல்லாம் கோசியஸ்கோ தேசியப் பூங்காவுக்குள் அல்லது அதை ஒட்டி இருக்கின்றன. நிலம் அரசுடையது, நிறுவனங்கள் குத்தகைதாரர்கள். எத்தனை கட்டில் போடலாம் என்பதற்கே உச்சவரம்பு உண்டு. இருக்கும் விடுதிகளில் கணிசமானவை உறுப்பினர் சங்கங்களுக்குச் சொந்தம்; அப்பா சேர்ந்திருந்தால் மகனுக்கு அறை கிடைக்கும் வகை. ஆகவே சாதாரண ஆள் மலைமேல் தங்க நினைத்தால் ஆகஸ்ட் மாத வாடகை கண்ணைக் கட்டும். கீழே ஜிண்டபைனில் தங்கிக் காலையில் ஏறிப் போவதே வழி. அந்த ஜிண்டபைனும் பழைய ஜிண்டபைன் இல்லை. அசல் ஊர் அறுபதுகளில் ஸ்னோயி திட்டத்தின் ஏரிக்குள் மூழ்கியது. இன்று இருப்பது கரையில் புதிதாகக் கட்டியது. பனிக்காலத்தில் சேர்லிஃப்ட் இயக்கவும் தட்டுக் கழுவவும் வரும் இளைஞர்களுக்கு அங்கே வாடகை வீடு கிடைப்பது வருடாவருடம் பெரும்பாடு.

சிட்னியிலிருந்து ஜிண்டபைனுக்கு ஆறு மணி நேர கார்ப் பயணம். மெல்போர்னிலிருந்து புல்லர் என்ற ஸ்கீ மலைக்கு மூன்று மணி. லேக் மௌன்டன் என்ற சிறிய மலைக்கு இரண்டு. ஜூலை பள்ளி விடுமுறையில் இந்தச் சாலைகளில் தமிழ்க் குடும்பங்களையும் பார்க்கலாம்: பின்சீட்டில் புளியோதரை டப்பா, டிக்கியில் வாடகை பூட்ஸ், சக்கரத்துக்குக் கட்டும் இரும்புச் சங்கிலி. பெரும்பாலும் இவர்கள் ஸ்கீ செய்யப் போவதில்லை. குழந்தைகளை டொபோகன் என்ற பிளாஸ்டிக் தட்டில் உட்காரவைத்துச் சறுக்கவிட்டு, பனியை அள்ளி எறிந்து, போட்டோ எடுத்துத் திரும்புகிறார்கள். காரணம் எளிது. கோசியஸ்கோ பூங்காவுக்குள் நுழையக் காருக்கு ஒரு நாளைக்கு 29 டாலர். அதற்கு மேல் பெரிய மலைகளில் ஒரு பெரியவருக்கு ஒரு நாள் லிஃப்ட் டிக்கெட், சன்னலில் போய் வாங்கினால், 200 டாலரைத் தாண்டும். பலகை, பூட்ஸ், உடை, பயிற்சி எல்லாம் தனி.

அந்தச் சன்னல் விலையைப் பார்த்து வாய்பிளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது யாரும் கொடுக்கக் கூடாது என்பதற்காக வைத்த விலை. 2015இல் அமெரிக்காவின் வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம் சுமார் 177 மில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்குப் பெரிஷரை வாங்கியது. பெரிஷர் 1,245 ஹெக்டேர் பரப்பு, தென் அரைக்கோளத்தின் மிகப் பெரிய ஸ்கீ ரிசார்ட் என்ற பெயர் அதற்கு. 2019இல் ஹோதமும் ஃபால்ஸ் கிரீக்கும் அதே கைக்குப் போயின. வெய்லின் சூத்திரம் பருவச்சீட்டு. பனி விழுவதற்குப் பல மாதம் முன்பே, நாள் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் அடிமாட்டு விலைக்கு, சீசன் முழுதுக்குமான சீட்டை விற்றுவிடுவது. சன்னல் விலை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு மலிவாகச் சீட்டு தெரியும். சீட்டு வாங்கியவர் பனி நன்றாகப் பெய்தால் பலமுறை வருவார். பெய்யாவிட்டால் வீட்டில் இருப்பார். இரண்டிலும் நிறுவனத்தின் கல்லாப்பெட்டியில் பணம் ஏற்கெனவே விழுந்துவிட்டது. மழை பொய்த்தால் நட்டம் யாருக்கு என்று நம் ஊரில் குத்தகைக்கு விடும்போதே பேசி முடிப்பார்களே, அதேதான். 1981க்கும் 2006க்கும் நடுவே குதிக்கும் பதிவேட்டை வைத்துக்கொண்டு தொழில் செய்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பருவத்தின் ஆபத்தை வாடிக்கையாளர் தலைக்கு மாற்றி, அதற்குச் சலுகை என்று பெயரும் வைத்தாயிற்று.

மேலும் அந்தச் சீட்டு வடக்கு மலைகளிலும் செல்லும். ஆஸ்திரேலியர் அதை வைத்து டிசம்பரில் கனடாவுக்குப் பறக்கிறார். போட்டி நிறுவனங்களும் இதைப் பின்பற்றி வெளிநாட்டு மலைகளோடு கைகோத்துவிட்டன. ஜப்பானின் நிசெக்கோவை உலக வரைபடத்தில் ஏற்றியதில் ஆஸ்திரேலியப் பயணிகளுக்கும் முதலீட்டாளர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. சொந்த மலையில் ஒரு வாரத்துக்கு ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்து, விமானக் கட்டணம் போட்டாலும் ஜப்பான் கட்டுப்படியாகிறதே என்று கிளம்புகிற குடும்பங்கள் ஏராளம்.

பெய்யாத பனியைச் செய்துகொள்ளலாம். சரிவோரம் நிற்கும் பீரங்கிகள் நுண்ணிய நீர்த்துளிகளை அழுத்தத்தோடு காற்றில் தூவுகின்றன. தரையில் விழுவதற்குள் துளி உறைந்துவிட வேண்டும். இதற்கு வெப்பமானியில் தெரியும் டிகிரியை மட்டும் பார்த்தால் போதாது, காற்றின் ஈரத்தையும் பார்க்க வேண்டும். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? வெளிப்புறம் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பங்குனி வெயிலில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். ஐப்பசி அடைமழையில் அப்படி இருக்காது, காற்றில் ஆவிக்கு இடமில்லை. பீரங்கியிலிருந்து பறக்கும் துளியும் குட்டிப் பானைதான். காற்று வறண்டிருந்தால் பூஜ்யத்துக்குச் சற்று மேலேகூட பனி செய்யலாம். ஈரமாக இருந்தால் பூஜ்யத்திலும் முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். அது ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். கடல்காற்றை வாங்கும் ஆஸ்திரேலிய மலையில் அப்படிப்பட்ட இரவுகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, அவையும் குறைந்துவருகின்றன. வெப்பம் கூடினால் பனி குறையும். பனி செய்யும் நேரமும் சேர்ந்தே குறையும். மருந்தும் நோயோடு சேர்ந்து மெலிகிற நிலை.

புல்லர் மலையில் 2017 முதல் வேறொன்றும் வைத்திருக்கிறார்கள். கப்பல் பெட்டகம் போன்ற பெட்டிக்குள் தண்ணீரைக் குளிரூட்டி, பனிச்செதில்களாகச் சுரண்டி வெளியே தள்ளும் எந்திரம். மீன் மார்க்கெட்டின் ஐஸ் எந்திரத்தின் பெரியண்ணன். வெளியே வெயில் அடித்தாலும் வேலை செய்யும். சீசனின் முதல் நாள் ஒரே ஒரு வெள்ளைக் கீற்று பச்சை மலைமேல் கிடப்பதும், அதில் நூற்றுக்கணக்கானவர்கள் மேலும் கீழும் போவதும் இதனால்தான். பார்க்கக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருக்கும். இது தவிர வேலி கட்டிக் காற்றடித்துவரும் பனியைப் பிடித்துவைப்பது, ஓரத்தில் கிடப்பதை இரவில் புல்டோசர் போன்ற வண்டியால் தள்ளி நடுச்சரிவில் நிரப்புவது ஆகிய வேலைகளும் உண்டு. பனி வேளாண்மை என்கிறார்கள். நீர்மின் நிறுவனமோ 2004இல் மேகத்தில் வெள்ளி அயோடைடைத் தூவிப் பனியைக் கூட்டப் பார்க்கத் தொடங்கியது. அவர்களுக்கு வேண்டியது தண்ணீர். சறுக்குபவர்களுக்கு அது இனாம்.

பனிக்கு இன்னொரு பயனாளி உண்டு. 1966இல் ஹோதம் மலையின் ஸ்கீ விடுதி ஒன்றில் எலி மாதிரி ஒரு பிராணி அகப்பட்டது. எலி இல்லை. வயிற்றில் பை உள்ள, 45 கிராம் எடையுள்ள குட்டிப் பாஸம். அதுவரை அந்த இனத்தைப் புதைபடிவமாக மட்டுமே அறிவியல் அறிந்திருந்தது; அழிந்துபோனதாக நினைத்த ஒன்று விடுதியின் சமையலறைப் பக்கம் உயிரோடு வந்துவிட்டது. பாறைக்குவியல்களுக்குள் வாழும் இந்த மலைக் குள்ளப் பாஸம் குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில் உறங்குகிறது. மேலே எவ்வளவு குளிரடித்தாலும் கனமான பனிப் போர்வைக்குக் கீழே வெப்பம் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். தெளிந்த இரவில் பள்ளத்தில் தேங்கும் குளிரை இங்கே சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது: 1994 ஜூன் 29 அன்று சார்லட் பாஸில் பதிவான மைனஸ் 23 டிகிரிதான் ஆஸ்திரேலியாவின் மிகக் குறைந்த வெப்பநிலை. போர்வை மெலிந்தால் பாஸத்துக்குக் குளிர் கூடுகிறது. பூமி சூடாவதால் ஒரு பிராணி விறைக்கும் நிலை.

ஸ்கீ சரிவுகள் போடுவதற்காகப் பாறைகளை அகற்றியபோது இதன் வாழிடம் துண்டுபட்டது. ஹோதமில் சாலை குறுக்கே போனதால் கீழே இருக்கும் ஆண்கள் மேலே இருக்கும் பெண்களைச் சேர முடியவில்லை. எண்பதுகளின் நடுவில் சாலைக்கு அடியில் பாறை நிரப்பிய சுரங்கப்பாதை அமைத்தார்கள். காதல் சுரங்கம் என்று அதற்குப் பெயர். ஆண்கள் அதைப் பயன்படுத்தவும் செய்தன. வசந்தத்தில் விழித்ததும் இதன் முக்கிய உணவு போகாங் விட்டில். சமவெளியிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து கோடைக்கு மலைக்குகைகளில் அடையும் பூச்சி. பூர்வகுடிகள் பல தலைமுறைகளாகக் கோடையில் மலையேறிக் கூடியது இந்த விட்டிலைச் சுட்டுத் தின்னும் விருந்துக்காக. 2017, 2018 வறட்சியில் விட்டில் கூட்டம் சரிந்தபோது பாஸம் குட்டிகளும் பட்டினியில் போயின.

விளையாட்டுப் பக்கம் வந்தால் அங்கேயும் அதே உயரக் கணக்கு. த்ரெட்போவில் லிஃப்ட் எட்டும் உச்சி 2,037 மீட்டர், அடிவாரம் 1,365; வித்தியாசம் 672. நாட்டிலேயே இதுதான் அதிகம். உச்சியிலிருந்து அதிவேகமாக இறங்கும் டவுன்ஹில் ஓட்டத்துக்கு ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 800 மீட்டர் இறக்கம் கேட்பார்கள். அந்தப் போட்டியை இந்த நாட்டில் எங்குமே நடத்த முடியாது. 1989 ஆகஸ்டில் உலகக் கோப்பைச் சுற்று த்ரெட்போவுக்கு வந்தபோதும் நடந்தவை நட்டுவைத்த கம்புகளைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும், குறைந்த இறக்கம் போதுமான ஸ்லாலமும் ஜயண்ட் ஸ்லாலமும்தான்.

எனவே ஆஸ்திரேலியர்கள் மலை சிறிதாக இருந்தாலும் நடக்கும் போட்டிகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஏரியல்ஸ் என்பது ஒரு குன்றிலிருந்து எழும்பி அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டு இறங்குவது. அதற்கு முதலில் தேவைப்படுவது உடலைக் காற்றில் முறுக்கத் தெரிவது. ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்களை அழைத்துவந்து ஸ்கீ கற்றுக்கொடுத்தார்கள். 2002இல் அலிசா கேம்ப்ளின், 2010இல் லிடியா லாசிலா, இருவரும் பழைய ஜிம்னாஸ்டுகள், இருவருக்கும் தங்கம். மேடுமேடான பனிச்சரிவில் இறங்கும் மோகல்ஸில் 2022இல் ஜக்காரா ஆன்டனி. இவர்களின் அடுத்த தலைமுறைக்குப் பயிற்சிக்களம் இருப்பது பிரிஸ்பேனில்; மாமரமும் பனைவகைகளும் நிற்கும், பனியே பார்க்காத நகரம். அங்கே செயற்கைச் சரிவில் ஓடிவந்து பறந்து நீச்சல்குளத்துக்குள் விழுகிறார்கள். பலகையோடு தண்ணீரில் விழுவது எலும்புக்கு நல்லது.

ஸ்லாலத்தில் 1998 நாகானோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சாலி ஸ்டெகால், குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் ஆஸ்திரேலியர். பிறகு வழக்கறிஞரானார். 2019 தேர்தலில் காலநிலை மாற்றத்தை முதல் பிரச்சினையாக வைத்துச் சிட்னியின் வாரிங்கா தொகுதியில் சுயேச்சையாக நின்று, முன்னாள் பிரதமர் டோனி அபட்டைத் தோற்கடித்தார். பனியில் வளர்ந்தவர் பனிக்காக அரசியலுக்கு வந்தார் என்று சுருக்கினால் மிகை. ஆனால் கேட்ட வாக்காளர்களுக்கு அந்தத் தொடர்பு புரியாமல் இல்லை.

2024 ஆகஸ்ட், ஆஸ்திரேலியா அதுவரை பதிவு செய்ததிலேயே சூடான ஆகஸ்ட். பனி உச்சத்தில் நிற்க வேண்டிய மாதத்தில் கரைந்தது. பல மலைகள் செப்டம்பரிலேயே லிஃப்டை நிறுத்தின. அதே ஆண்டு ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகமும் பனிக்காலத்தைக் காக்கக் குரல் கொடுக்கும் ப்ரொடெக்ட் அவர் விண்டர்ஸ் அமைப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. பசுங்குடில் வாயு உமிழ்வு நடுத்தரமாக இருந்தால் 2050க்குள் சராசரி ஸ்கீ சீசன் 44 நாள் குறையும், அதிகமாக இருந்தால் 55 நாள் என்பது அதன் கணிப்பு. சராசரிக்குள் ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கிறது. பெரிஷரும் சார்லட் பாஸும் ஊரே 1,700 மீட்டருக்கு மேல் இருப்பதால் தாக்குப்பிடிக்கும். 1,567 மீட்டரில் முடியும் பா பா என்ற மலையும், அதைவிடத் தாழ்ந்த லேக் மௌன்டனும் முதலில் அடிவாங்கும். இவைதான் மெல்போர்னுக்கு அருகில் இருப்பவை, மலிவானவை, புதிதாகக் குடியேறியவர்களின் குழந்தைகள் முதன்முதல் பனி பார்க்கும் இடங்கள். பணமுள்ளவர் மேலே ஏறிக்கொள்வார், அல்லது ஜப்பான் போவார்.

த்ரெட்போ இந்தக் கணக்கை முன்பே போட்டுவிட்டது. கோடையில் அங்கே லிஃப்ட் மலைச் சைக்கிள்களை ஏற்றுகிறது. சேர்லிஃப்டில் போய் இறங்கினால் கோசியஸ்கோ உச்சிக்கு ஆறரை கிலோமீட்டர் நடை, பெரும்பகுதி செடிகளை மிதிக்காதபடி தரைக்கு மேலே போட்ட இரும்புவலைப் பாதையில். ஒரு கண்டத்தின் சிகரத்துக்கு ஷூ அணிந்த பாட்டிகளும் போய்வருகிறார்கள். உயரக் குறைவு வேலைக்கு உதவும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

வேறு விதமாக முடிவெடுத்தவர்களும் இருக்கிறார்கள். கியாண்ட்ராவுக்குப் பக்கத்தில் செல்வின் என்ற சிறிய ஸ்கீ இடம். உச்சியே 1,600 மீட்டரை ஒட்டித்தான். டொபோகன் குடும்பங்களுக்குப் பிடித்த மலை. 2020 ஜனவரியில் காட்டுத்தீ அதை முழுதாகத் தின்றது. விடுதி, வாடகைக் கடை, லிஃப்ட் எல்லாம். வேலிப்பலகையில் சறுக்கிய காலத்தை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்த கியாண்ட்ராவின் பழைய நீதிமன்றக் கட்டடமும் அதே தீயில் போனது. சுற்றிலும் கரிந்த யூகலிப்டஸ் மரங்கள் வெள்ளை எலும்பாய் நிற்க, செல்வினைப் புதிதாகக் கட்டினார்கள், பனிப் பீரங்கிகள் உட்பட. 2023 ஜூனில் அது மறுபடியும் திறந்தது.